தடி காட்டுற மனுஷன்

பிளைட் இறங்கின உடனே எழுந்து பையை எடுக்கிறோமே, அப்போ பாதி வேலை இன்னும் மிச்சம் இருக்குங்க. ஏ320-க்கு இறக்கை நுனிக்கு நுனி 34 மீட்டருக்கு மேல. மூக்குச் சக்கரம் பைலட் கண்ணுக்கே தெரியாது. கேட் முன்னாடி ரெண்டு தடியோட நிக்கிற மார்ஷலர் காட்டுறதுதான் கணக்கு. தலைக்கு மேல தடியைக் குறுக்கா வெச்சா 'நில்'. பெரிய ஏர்போர்ட்கள்ல இதை இப்போ லேசர் வெச்ச பலகையே காட்டுது. ஆனா சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஆள் கிட்ட போய்த்தான் ஆகணும்.

ஆபத்தே அங்கேதான். சிவப்பு விளக்கு எரிஞ்சா இன்ஜின் ஓடுதுன்னு அர்த்தம், நெருங்கக் கூடாது. 2022 டிசம்பர் 31, அமெரிக்காவுல அலபாமா மாநிலம் மான்ட்கோமரி. விமானம் கேட்ல நின்னாச்சு. அதோட ஏபியூ (இன்ஜின் ஓடாதப்போ கரண்ட் தர்ற குட்டி இயந்திரம்) வேலை செய்யாததால, வெளிக் கரண்ட் இணைக்கிறதுக்காக இன்ஜினை ஓட விட்டிருந்தாங்க. ஒரு பெண் ஊழியர் பக்கத்துல போயிட்டாங்க. இன்ஜின் உள்ளே இழுத்துடுச்சு. அன்னிக்கு முன்கூட்டியே எச்சரிச்சும் இருந்தாங்க!

அவங்களை வேலைக்கு வெச்ச கம்பெனிக்கு 2023-ல விழுந்த அபராதம் 15,625 டாலர். நான் பி.காம். படிக்கிறவன், செலவைக் குறைக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க :-) இந்தத் தொகை ஒரு விமானக் கம்பெனிக்குச் செலவே இல்லை. நிக்கிற விமானம் சம்பாதிக்காதுன்னு அவசரப்படுத்துற மேனேஜருக்கு இது உறைக்குமா? வாயால எச்சரிச்சா போதாது, கை கால் பழகணும். அதுக்கு நேரமும் சம்பளமும் ஆகும். அபராதத்தைக் கம்பெனியோட வருமானத்துல இத்தனை சதவீதம்னு வைக்கட்டும், அந்தச் செலவு தானா பட்ஜெட்டுக்குள்ள வந்துடும்.