முன்னேறி ஆடும் பின்கள வீரன்: ஹாலிஎலவில் அவனை அளப்பது யார்?

2025 நவம்பர் 28ஆம் திகதி சென்னையிலும் மதுரையிலும் ஆண்களுக்கான கனிஷ்ட ஹொக்கி உலகக் கிண்ணப் போட்டிகள் ஆரம்பமாகின. அதே நாட்களில்தான் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்துவிட்டுத் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மண்சரிவில் புதையுண்ட உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த பதுளை மாவட்டத்து மக்களுக்கு, மதுரையில் எந்த அணி எந்த அணியுடன் ஆடுகிறது என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. ஆனாலும் அந்தப் போட்டித்தொடரில் நடந்த ஒரு விடயம் ஊவாவின் தோட்டங்களுக்கும் உரியது என்பதால் இப்போதாவது அதைப் பேசவேண்டியிருக்கிறது.

டிசம்பர் 10ஆம் திகதி வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் இந்திய அணி ஆர்ஜென்டீனாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிக் காற்பகுதியில் நான்கு கோல்களைப் போட்டு 4-2 என வென்றது. அவற்றில் கடைசி இரண்டையும் அடித்தவர்கள் சாரதானந்த் திவாரியும் அன்மோல் எக்காவும். இருவருமே பின்கள வீரர்கள். அணித்தலைவர் ரோஹித்தும் பின்கள வீரர்தான். கோலைக் காப்பதற்காக நிறுத்தப்பட்டவர்களே முன்னால் போய் ஆட்டத்தை வென்று கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு அரையிறுதியில் ஜேர்மனியிடம் 1-5 என்று உடைந்துபோனதும் இதே பின்களம்தான். இப்படிப்பட்ட ஓர் இளம் வீரனை எப்படி எடைபோடுவது? வென்ற நாளில் பார்த்தவர் ஒன்று சொல்வார், தோற்ற நாளில் பார்த்தவர் வேறொன்று சொல்வார்.

இதை ஹாலிஎலவுக்குக் கொண்டுவருவோம். எங்கள் தோட்டங்களில் ஹொக்கி மட்டை அபூர்வம். பந்து என்றால் கிரிக்கெட், அல்லது உதைபந்து. உனுகலையிலோ தெமோதரையிலோ ஒரு 14 வயதுப் பையன் உதைபந்தில் வலது பின்களத்தில் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து கிடைத்ததும் அவனால் நிற்க முடியாது. இரண்டு பேரைக் கடந்து எதிரணியின் எல்லைக்குள் போய்விடுவான். பத்துத் தடவையில் மூன்று தடவை ஆபத்தான வாய்ப்பு உருவாகும். ஒரு தடவை பந்தைப் பறிகொடுப்பான், அவன் விட்டுவந்த இடத்தின் வழியாகவே கோல் விழும். வலய மட்டப் போட்டியில் அந்த ஒரு தடவை வந்துவிட்டால் அவனுடைய கதை முடிந்தது. பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வீட்டுக்கு என்ற முறையில் நடப்பவை. தோட்டப் பாடசாலை அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அந்த வருடம் அவனை வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. “அவனுக்குப் பொறுப்பில்லை, தன் இடத்தில் நிற்கமாட்டான்” என்ற ஒற்றை வசனம் மட்டும் மிஞ்சும்.

அந்த வசனம் உண்மையாகவும் இருக்கலாம், முழுப் பிழையாகவும் இருக்கலாம். ஒரே ஆட்டத்தை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் இந்த வகை வீரர்களின் சிக்கல். முன்கள வீரனுக்குக் கோல் கணக்கு இருக்கிறது. கோல் காப்பாளனுக்குத் தடுத்த பந்துகளின் கணக்கு இருக்கிறது. முன்னேறி ஆடும் பின்கள வீரனிடம் எந்தக் கணக்கைக் கேட்பது?

ஹொக்கியில் கோல் கணக்கைக் கேட்டால் ஏமாந்துபோவோம். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் பின்கள வீரராக இருந்துகொண்டே சர்வதேச ஆட்டங்களில் 348 கோல்கள் அடித்தவர். இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்துக் கோல்களுடன் அதிக கோல் அடித்தவரானார். ஆனால் அந்தப் பத்தும் பெனால்டி கோர்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. ஆட்டம் நிறுத்தப்பட்டு, பந்து வரும் இடம் முன்கூட்டியே தெரிந்து, அதை மட்டையால் இழுத்து வீசும் ட்ரக் ஃப்ளிக் ஒரு தனிக் கைத்திறன். ஒரு நாளில் நூறு தடவை வீசிப் பழகலாம், எண்ணலாம், திருத்தலாம். அதை வைத்து ஒருவன் தாக்கி ஆடும் மனம் கொண்டவன் என்று முடிவுகட்ட முடியாது. எனவே இளம் பின்கள வீரனை அளக்கும்போது அந்தக் கோல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சிய ஆட்டத்தில் என்ன செய்கிறான் என்று பார்ப்பதுதான் நேர்மை.

எஞ்சிய ஆட்டத்தில் பார்க்கவேண்டியது அவன் எத்தனை தடவை முன்னால் போனான் என்பதையல்ல, எப்போது போனான் என்பதை. தன் அணியில் ஒருவன் தனக்குப் பின்னால் இறங்கி நிற்கிறானா என்று பார்த்துவிட்டுப் போகிறானா, பந்தைக் கண்டதும் போகிறானா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறான்? தலையில் கைவைத்து நிற்பவனும் உண்டு, எதிராளி போகப்போகும் இடத்துக்குக் குறுக்கே ஓடுபவனும் உண்டு. என் கணிப்பில் இந்த மூன்று நொடிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி. முன்னேறும் துணிச்சலைப் பயிற்றுவிப்பாளரால் உண்டாக்குவது கடினம். பின்னால் திரும்பும் பழக்கத்தை உண்டாக்கலாம். ஆகவே துணிச்சல் இருந்து பழக்கம் இல்லாதவனைக் கழித்துவிடுவது, விளைந்த கொழுந்தைக் களையென்று பிடுங்குவதுபோல.

ஹர்மன்பிரீத்தையே எடுத்துக்கொள்வோம். 2014இல் மலேசியாவின் ஜொகூரில் நடந்த சுல்தான் கிண்ணக் கனிஷ்டத் தொடரின் சிறந்த வீரர் அவர். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு 20 வயதில் போனார். அது அவருக்குக் கசப்பாக முடிந்தது. அந்த ஒரு தொடரோடு ஒதுக்கியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். அதே வருட டிசம்பரில் லக்னோவில் கனிஷ்ட உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். பின்னர் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை மூன்று தடவை பெற்றார். அமிர்தசரஸ் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனுக்குத் தோற்பதற்கும் மறுபடி ஆடுவதற்கும் இடம் கிடைத்தது.

கனடாவில் இருக்கும் எம்மவர்கள் ஹொக்கி என்றால் பனித்தரை ஹொக்கியைத்தான் நினைப்பார்கள். அங்கே இந்த எடைபோடுதலே ஒரு தொழில். 2025 ஜூனில் தேசிய ஹொக்கி லீக்கின் தெரிவில் முதலாவதாக நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி எடுத்தது மத்தியூ ஷேஃபர் என்ற 17 வயதுப் பின்கள வீரரை. நோயாலும், கழுத்துப்பட்டை எலும்பு முறிந்ததாலும் அந்தப் பருவத்தில் தன் கனிஷ்ட அணிக்காக அவர் ஆடியது வெறும் 17 ஆட்டங்கள். இருந்தும் முதலிடம். காரணம், அவரைப் பல வருடங்களாகப் பல கண்கள் பார்த்துவந்திருந்தன. 17 ஆட்டங்கள் அவருடைய கோப்பின் கடைசிப் பக்கம் மட்டுமே. எங்கள் பையனுக்கு அந்த ஒரு பக்கமே முழுக் கோப்பு.

இன்னொரு உதாரணம் லேன் ஹட்சன். முன்னேறி ஆடும் பின்கள வீரர், ஆனால் குள்ளம். 2022 தெரிவுக்கு முன்பு, தன் எலும்புகள் இன்னும் வளரும் என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனார். அப்படியும் 61 பேரை எடுத்த பிறகே மொன்றியல் அணி அவரை எடுத்தது. 2024-25 பருவத்தில் 60 கோல்களுக்கு வழியமைத்துக் கொடுத்து, லீக்கின் சிறந்த புதுமுக வீரரானார். பணமும் கணினியும் நூற்றுக்கணக்கான கண்காணிப்பாளர்களும் உள்ள இடத்திலேயே உயரத்தைப் பார்த்து இப்படித் தவறுகிறார்கள்.

உயரம் என்ற சொல்லைத் தோட்டத்தில் சொல்லும்போது அது வேறு பொருள் தருகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம், அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. அன்று அளக்கப்பட்ட அந்தக் குழந்தைகள்தான் இன்று 10 முதல் 14 வயதுக்காரர்கள். இப்போது பாடசாலை அணித் தெரிவுக்கு வந்து நிற்பவர்கள். வரிசையில் நிறுத்தி உயரத்தைப் பார்த்துப் பின்களத்துக்கு ஆள் எடுக்கும் ஆசிரியர், தனக்கே தெரியாமல் அந்தத் தாயின் கர்ப்பகாலச் சாப்பாட்டை அளக்கிறார். இதை ஆசிரியரின் குற்றமாகச் சொல்லவில்லை. பல தோட்டப் பாடசாலைகளில் உடற்கல்விக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பதே பெரிய விடயம்.

தோட்டத்திலிருந்தும் வரலாம், முரளிதரன் வரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. முரளியின் பாட்டனார் தோட்டத்துக்கு வந்தவர் என்பது உண்மை. ஆனால் தந்தைக்குக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது, படித்தது புனித அந்தோனியார் கல்லூரியில். மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அவரை 14 வயதளவில் சுழலுக்கு மாற்றியது அங்கிருந்த பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. திறமை தானாக மேலே வந்ததற்கான சான்று அல்ல அது. ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த கண் இருந்ததற்கான சான்று. யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்துக்கும் அப்படித்தான். 2020இல் லங்கா ப்ரீமியர் லீக், 2024இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் என்று அவர் போனதற்குப் பின்னால், போருக்குப் பிறகும் விடாமல் கிரிக்கெட் ஆடிய ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. வன்னிக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆடும் வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எங்களுக்குப் பொருத்தமான ஒப்பீடு கண்டியிலோ கனடாவிலோ இல்லை. ஒடிஷாவின் சுந்தர்கர் மாவட்டமும் அதை ஒட்டிய ஜார்க்கண்டும்தான். எங்கள் முன்னோர்களைக் கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்ததுபோல, வெள்ளையர்கள் அந்தப் பகுதி ஆதிவாசிகளை அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் ஹொக்கி ஆடினார்கள். 1928 ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவரான ஜெய்பால் சிங் முண்டா, 1972இல் வெண்கலம் வென்ற அணியின் மைக்கேல் கிண்டோ, மூன்று ஒலிம்பிக் ஆடிய திலீப் திர்க்கி, லாசரஸ் பார்லா, டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக்கம் பெற்ற அமித் ரோஹிதாஸ் எல்லோரும் அந்த மண்ணின் பின்கள வீரர்கள். ஏன் இத்தனை பேரும் பின்களம்? ‘ஆதிவாசிப் பிள்ளைகள் பலசாலிகள், பின்னால் நிறுத்து’ என்ற மேலோட்டமான எண்ணமும் அதில் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளை ‘மலை ஏறிப் பழகினவன், நீண்ட தூரம் ஓட விடு’ என்பதுபோல.

ஆனால் அங்கே இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, ஊருக்கு ஊர் ஆட்டை பரிசாக வைத்து நடக்கும் போட்டிகள். அறுவடை முடிந்தால் ஆட்டம், பண்டிகை வந்தால் ஆட்டம். ஒரு பையன் வருடத்தில் பல தடவை ஆடுவான். இன்று பறிகொடுத்த பந்தை அடுத்த வாரம் மீட்பான். மற்றது, 1985இல் ரூர்கேலாவின் பான்போஷில் அரசு ஆரம்பித்த விளையாட்டு விடுதி. சோறும் பள்ளிக்கூடமும் பயிற்சியும் ஒரே இடத்தில். செயற்கைப் புல்தரை எல்லாம் பிறகு வந்தவை.

ஹாலிஎலவில் முதலாவதைத் தொடங்கப் பெரிய பணம் வேண்டாம். ஹாலிஎல, தெமோதரை, ஸ்பிரிங்வெளி, வெவஸ்ஸ எனப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் மாதம் இரண்டு ஞாயிறு சுற்றுமுறையில் ஆடினால், ஒரு பிள்ளைக்கு வருடத்தில் இருபது ஆட்டம் கிடைக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கொப்பியில் குறித்து வரட்டும்: யார் எப்போது முன்னால் போனான், பறிகொடுத்த பின் என்ன செய்தான். இருபது ஆட்டத்துக்குப் பிறகு “பொறுப்பில்லாதவன்” என்று எழுதினால் அதை ஏற்கலாம். ஞாயிறு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அடிப்படை நாட்சம்பளம் 1,550 ரூபாய், வேலைக்கு வந்தால் அரசின் ஊக்கத்தொகை 200 என்ற இன்றைய கணக்கில், கிழமை நாளில் பிள்ளையைத் தெரிவுப் போட்டிக்குக் கூட்டிச்செல்லும் தாய் 1,750 ரூபாயை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும்.

பெரிய தடை தரைதான். தோட்டத்தில் சமதரை என்பது தேயிலைக்கு, தொழிற்சாலைக்கு, துரை பங்களாவுக்கு என்று போய், மீதி இருந்தால் மைதானம். அதுவும் கம்பனியின் குத்தகை நிலம். நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். டித்வாவுக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் புதைந்த லயன்களின் பாடத்தை அலட்சியம் செய்த நாடு, இப்போது 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பான காணி தேடுகிறது. சரிவில்லாத நிலம் கண்ணில் பட்டால் அதில் வீடு கட்டலாமே என்றுதான் எந்த அதிகாரியும் நினைப்பார். அதைக் குறை சொல்ல முடியாது, வீடுதான் முதலில்.

ஆனால் இருக்கும் ஒரே மைதானத்தில் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று கோடு போட்டுவிட்டு, கம்பனியின் கையிலிருக்கும் தேயிலை நிலத்தைத் தொடாமல் விடுவது வேறு விடயம். வீட்டுக்கான காணி தேயிலைப் பரப்பிலிருந்து வரவேண்டும், பிள்ளைகளின் மைதானத்திலிருந்து அல்ல. ஹாலிஎல பிரதேச செயலகத்தில் காணி தெரிவு பற்றிய கூட்டங்களுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதை எழுத்தில் கேட்கவேண்டும். ஒவ்வொரு மீள்குடியேற்ற வரைபடத்திலும் மைதானம் எங்கே என்று அடையாளமிட்டுத் தரும்படி, வரைபடத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே.