வீடு திரும்பினார், சரி... வேலைக்குத் திரும்பினாரா?

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தினமும் சாயங்காலம் கொரோனா அறிக்கை வரும். இன்று தொற்று இத்தனை, இறப்பு இத்தனை, குணமடைந்து வீடு திரும்பியவர்கள் இத்தனை. மூன்றாவது எண் பெரிதாக இருந்தால், 'அப்பாடா' என்று டி.வி.யை அணைத்தோம்.

எனக்கு அந்த மூன்றாவது எண் மீதுதான் சந்தேகம். வீடு திரும்பினார், சரி. குணமடைந்தார் என்று யார் சொன்னது?

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போன பிறகு மூடப்பட்டது ஸ்டெர்லைட் ஆலை. அதையே 2021-ல் ஆக்ஸிஜன் தயாரிக்க மட்டும் உச்ச நீதிமன்ற அனுமதியோடு திறந்தார்கள். நாட்டுக்கு மூச்சு வேண்டுமென்றால் எந்தப் பூட்டும் திறக்கும். ஆனால் சிலிண்டரைக் கழற்றிய மறுநாள் அந்த மூச்சு என்ன ஆனது என்று கேட்டோமா?

இந்த ஊரில் மூச்சுதான் முதலீடு. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும், திரேஸ்புரத்துக்காரர்கள் இன்றும் சங்கு எடுக்கக் கடலில் இறங்குகிறார்கள். படகில் கம்ப்ரஸர், வாயில் காற்றுக்குழாய். அப்படி ஒருவர் இரண்டு வாரம் ஐ.சி.யு.வில் கிடந்து வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைச் சதை கரைந்திருக்கும். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கலாம். அவர் கையில் நாம் கொடுப்பது ஒரு சீட்டு, கூடவே ஒரு வரி: 'நல்லா சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க.'

எத்தனை நாள் ரெஸ்ட்? மறுபடி கடலில் இறங்கலாமா? கெட்டுப்போன நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டால், ஆழத்திலிருந்து மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். இதை அவர் இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வைத்தியம் இல்லாமல் இல்லை. மறுவாழ்வு வார்டு என்று பெயர். சில வாரம் உள்நோயாளியாகத் தங்க வேண்டும். உட்கார, நிற்க, நடக்கப் பழக்குவார்கள். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். மூச்சுப் பயிற்சி, பயம் போகக் கவுன்சலிங். கடைசியில், 'தொழிலுக்குப் போகலாம்' அல்லது 'வேண்டாம், வேற வேலை பார்ப்போம்' என்று பொறுப்போடு சொல்ல ஒரு டாக்டர்.

இது புதுசும் இல்லை. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-லேயே வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென நிலையம் தொடங்கினார். சென்னை கே.கே.நகரில் அரசு நிலையமே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இரண்டும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் எப்படிப் போவார்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறதே என்பீர்கள். பாராட்டுவோம். ஆனால் அவ்வப்போது வந்து போகிற ஒருவர், நாள் முழுக்கக் கூட இருக்கும் குழுவுக்கு ஈடாக மாட்டார்.

டெல்லியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம், புதிய மருத்துவக் கல்லூரிகளுக்கான கட்டாயத் துறைப் பட்டியலிலிருந்து நுரையீரல் மருத்துவத்தையும் மறுவாழ்வு மருத்துவத்தையும் நீக்கியது. கொரோனாவிடம் நாம் கற்ற பாடம் இதுதானா?

தூத்துக்குடி உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனையில் இருபது கட்டில் போதும். அடுத்த வைரஸ் வராமல் இருக்காது. அப்போது அறிக்கையில் நாலாவதாக ஒரு எண் கேளுங்கள்: வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்?