படம் எப்படி? ரசிகர் வாய்க்குப் பூட்டுப் போடலாமா?

"படம் எப்படி இருக்கு?"

திங்கட்கிழமை காலையில் ஆவடியில் இருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரெயிலில் இந்தக் கேள்வி காதில் விழும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரத்தில் டீக்கடை வாசலில் விழும். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பூ வாங்கும் பெண்கள் மத்தியிலும் விழும்.

பதில் உடனே வரும்.

"முதல் பாதி சுமார். பின்பாதி பிரமாதம். நான் அழுதுட்டேன் அக்கா!"

"காசுக்குப் பிடிச்ச கேடு! நீ போகாதே தம்பி!"

இவ்வளவுதான் விமர்சனம். இதைச் சொல்ல பெரிய படிப்பு வேண்டாம். டிக்கெட் வாங்கிப் படம் பார்த்திருந்தால் போதும்.

இந்த வாய்க்குத்தான் பூட்டுப் போடவேண்டும் என்கிறார்கள் சிலர்!

3 நாள் தடை

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. "இந்தியன்-2", "வேட்டையன்", "கங்குவா" ஆகிய படங்களின் வசூலை யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன என்று அதில் கூறியது. முதல் காட்சி பார்த்து வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்க தியேட்டர்காரர்கள் இடம் கொடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டது.

அடுத்த மாதம் இன்னொரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை ஐகோர்ட்டுக்கே போனது. படம் வெளிவந்து 3 நாள் வரை யாரும் விமர்சனம் செய்யக்கூடாது என்று உத்தரவு கேட்டது. ஐகோர்ட்டு தடை விதிக்க மறுத்துவிட்டது.

மறுத்தது மிகவும் சரி என்பது என் கட்சி.

ஓட்டலில் இட்லி புளிக்கிறது. "புளிக்கிறது" என்று 3 நாள் கழித்துச் சொல் என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

கணவன், மனைவி, 2 பிள்ளைகள் படத்துக்குப் போனால் டிக்கெட், வண்டிச் செலவு, இடைவேளைத் தீனி என்று ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது குற்றமா?

யூடியூப் இல்லாத காலம்

படம் விழுவதற்கு யூடியூப்தான் காரணம் என்கிறார்களே, ஒன்று கேட்கிறேன்.

1954-ம் ஆண்டில் ஏவி.எம். தயாரித்த படம் "அந்த நாள்". எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்தார். சிவாஜி கணேசன் கதாநாயகன். பாட்டே கிடையாது! பாட்டுக்காகவே படம் பார்த்த காலம் அது. ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. படம் ஓடவில்லை. இன்று அதைப் புகழாதவர்கள் இல்லை.

2003-ம் ஆண்டு பொங்கலுக்கு "அன்பே சிவம்" வந்தது. கமல்ஹாசனும் மாதவனும் நடித்த படம். அதுவும் ஓடவில்லை. பிறகு டெலிவிஷனில் பார்த்துவிட்டு, "இதையா தவறவிட்டோம்!" என்றார்கள்.

யூடியூப் பிறந்ததே 2005-ம் ஆண்டில்தான். அப்படியானால் அந்த இரண்டு படங்களையும் விழவைத்தது யார்? ரசிகர்களின் முதல் வார்த்தை சில சமயம் தப்பாகவும் போகும். அதற்காக அவர்கள் வாயைக் கட்ட முடியுமா?

சின்னப் படத்துக்குத் துணை

பெரிய படத்துக்குச் சுவரெல்லாம் போஸ்டர் உண்டு. ஊரெல்லாம் பேனர் உண்டு. சின்னப் படத்துக்கு என்ன உண்டு? பார்த்தவன் வாய் ஒன்றுதான்!

"சேது" கதை தெரியுமா? பாலா டைரக்ட் செய்த முதல் படம். அதை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. 1999-ம் ஆண்டு டிசம்பரில் வெளியானபோது கிடைத்தது பகல் காட்சிதான். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "விக்ரம் நடிப்பைப் போய்ப் பார்" என்று ஒருவர் பத்துப் பேரிடம் சொன்னார். காட்சிகள் கூடின. படம் 100 நாள் ஓடியது.

இது பழைய கதை என்பீர்கள். 2025-ம் ஆண்டு மே 1-ந் தேதி சூர்யா நடித்த "ரெட்ரோ" வந்தது. அதே நாளில் "டூரிஸ்ட் பேமிலி"யும் வந்தது. சசிகுமார், சிம்ரன் நடித்தது. இலங்கையில் இருந்து வந்து சென்னையில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. புது டைரக்டர். பெரிய படத்தோடு மோதி அது ஜெயித்தது எப்படி? பார்த்த குடும்பங்கள் மற்றக் குடும்பங்களை அனுப்பிவைத்தன!

வெள்ளிக்கிழமை வந்த சின்னப் படத்துக்குக் கூட்டம் சேராவிட்டால் திங்கட்கிழமை காட்சிகளைக் குறைத்துவிடுவார்கள். 3 நாள் பேசாதே என்றால் அந்தப் படத்தின் கதி என்ன? பேச அனுமதி கிடைக்கும்போது படமே இருக்காது!

பெரிய படத்துக்கும் ரசிகர் பேச்சு உதவித்தான் இருக்கிறது. "இந்தியன்-2" நீளம் என்றார்கள். வெளியான பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள். "கங்குவா" படத்தில் சத்தம் காதைப் பிளக்கிறது என்றார்கள். ஒலியைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களுக்குச் சொன்னார். 3 நாள் எல்லோரும் மவுனமாக இருந்திருந்தால் காதுவலிதான் மிச்சம்.

இதுவா விமர்சனம்?

இனி ரசிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை.

இடைவேளையிலேயே தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பாயசத்தைக் குறை சொல்வது போன்றது அது.

வேறு சிலர் மைக்கைக் கண்டதும் நடிகரின் உருவத்தை ஏசுகிறார்கள். நடிகையின் வயதைக் கேலி செய்கிறார்கள். தனக்குப் பிடித்த நடிகருக்குப் போட்டி நடிகர் என்பதற்காக, படம் பார்க்காமலே "குப்பை" என்கிறவர்களும் உண்டு. இதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

பூந்தமல்லிக்கு அருகே, நசரத்பேட்டையில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி இரவு அங்கேதான் "இந்தியன்-2" படப்பிடிப்பின்போது கிரேன் சரிந்து விழுந்தது. 3 பேர் இறந்தார்கள். திரையில் முகம் தெரியாமல் உழைத்தவர்கள்.

அதற்காகப் படம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவேண்டியதில்லை. "பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். எது பிடிக்கவில்லை என்று சொன்னால் இன்னும் நல்லது. "எல்லோரும் சோம்பேறிகள், திருடர்கள்" என்று பேசுவதுதான் கூடாது.

இன்னொன்று. முடிவைச் சொல்லிவிடுவது!

அந்தக் காலத்தில் பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் போடுவார்கள். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். படம் விற்கிறவருக்கே அந்த நிதானம் இருந்தது. இப்போது முதல் காட்சி முடிவதற்குள் கொலைகாரன் யார் என்பது செல்போனில் வந்துவிடுகிறது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் ராக்கிக்கோ வேறு தியேட்டருக்கோ குடும்பத்தோடு போக நினைக்கிறீர்களா? முகம் தெரியாத பத்துப் பேரின் வீடியோவைப் பார்த்துக் குழம்பவேண்டாம். உங்கள் ரசனை தெரிந்த எதிர்வீட்டு அக்காவைக் கேளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்றும் கேளுங்கள். முடிவை மட்டும் சொல்லவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.