ரத்தம் ஏத்தச் சொல்லி நான் போட்ட சண்டை

போன மழைக்காலத்தில் அக்காவும் அத்தானும் லோஹேகாவ் வந்திருந்தார்கள். அத்தானுக்கு லிவர் சிரோசிஸ். ஒரு ராத்திரி ரத்தமாக வாந்தி எடுத்தார். அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஹீமோகுளோபின் 8.1. ஐ.என்.ஆர். 2. "ரத்தம் ஏத்துங்க டாக்டர், எங்க பிராஞ்ச்ல பத்து பேர் கொடுக்க ரெடி" என்றேன், அரைகுறை ஹிந்தியில். "இப்போதைக்கு ரத்தமும் வேண்டாம், பிளாஸ்மாவும் வேண்டாம். மருந்து போயிட்டிருக்கு. எண்டோஸ்கோபி பண்ணி ரத்தக்குழாயைக் கட்டிடலாம்" என்றார் டாக்டர். வந்ததே எனக்குக் கோபம்! அக்கா முன்னால் கத்தித் தீர்த்துவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சிரோசிஸில் குடலிலிருந்து லிவருக்கு வரும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிக் கிடக்கும். உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் வெடிப்பது அதனால்தான். தேவைக்கு மேல் ரத்தம் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். பார்சிலோனாவில் வயிறு, உணவுக்குழாயில் ரத்தம் கசிந்த 921 பேரிடம் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய பிரிவில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றிய பிரிவில் 91.

சரி, ஐ.என்.ஆர்.? அது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக வந்த கணக்கு. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை மட்டும்தான் பார்க்கும். உறையாமல் தடுக்கும் புரதங்களையும் லிவர்தான் தயாரிக்கிறது, அவையும் குறைந்திருக்கும். டெபிட் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு கம்பெனி திவால் என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? பிளாஸ்மா ஏற்றி அந்த நம்பரை இறக்குவது மார்ச் 31-க்கு பேலன்ஸ் ஷீட்டை அலங்காரம் பண்ணுகிற மாதிரிதான்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க டி.இ.ஜி. என்று ஒரு சோதனை இருக்கிறது. ரத்தம் உறைவதை முழுசாக அளக்கும். டெல்லி ஐ.எல்.பி.எஸ். மருத்துவமனையில் ரத்தக்கசிவோடு வந்த 96 சிரோசிஸ் நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். டி.இ.ஜி. பார்த்து ஏற்றியபோது பிளாஸ்மாவும் தட்டணுக்களும் வெகுவாகக் குறைந்தன. ரத்தத்தை நிறுத்துவதில் வித்தியாசம் இல்லை.

இந்த மெஷின் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் 7 என்ற கணக்குக்குப் பைசா செலவில்லை. அதைக் கெடுப்பது பல நேரம் நம்மை மாதிரி சொந்தக்காரர்கள்தான் என்பது என் கருத்து. பாட்டில் தொங்கினால்தான் நமக்கு வைத்தியம் நடக்கிற திருப்தி! "ஏன் ஏத்தலை?" என்று சட்டையைப் பிடிப்பதற்குப் பதில், "எந்த அளவுக்கு இறங்கினால் ஏத்துவீங்க?" என்று கேட்டிருக்கலாம்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். ஒரு ஆள் பிழைத்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டிஸ்கி: நான் வெறும் பி.காம். நிற்காமல் ரத்தம் கொட்டும்போதும், இதய நோய் இருந்தாலும் கணக்கு மாறும். முடிவு டாக்டருடையது.