கொராண்டர்க் மனுக்களுக்கு உரிய பதில்

மாண்புமிகு விக்டோரியா மாநில முதல்வர் அவர்களுக்கு,

மெல்பர்னுக்கு வடகிழக்கே, ஹீல்ஸ்வில் நகரையொட்டி 1863இல் அமைந்த கொராண்டர்க், பழங்குடியினருக்கென அரசு ஒதுக்கிய காப்பு நிலம் என்றே அறியப்படுகிறது. ஆனால், அவ்விடத்தைத் தேர்ந்து குடியேறியவர்கள் குலின் என்னும் இனக்குழுக் கூட்டமைப்பின் மக்களே. 1859இல் அக்கரான் ஆற்றோரம் அவர்கள் கேட்டுப் பெற்றுப் பயிரிட்ட நிலம் மேய்ச்சல் பண்ணையாரின் நெருக்குதலால் கைநழுவிப் போனபின், அக்கூட்டமைப்பைச் சேர்ந்த வுருந்ஜெரி இனத் தலைவர் சைமன் வோங்காவும் அவருடைய உறவினர் வில்லியம் பராக்கும் தம் மக்களுடன் மலை கடந்து வந்து இங்கே குடிசை போட்டனர்.

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை அவர்கள் இம்மண்ணில் வளர்த்து, அதன் பூங்கொத்துகளைக் கையால் பறித்து, சூளையில் உலர்த்திச் சந்தைக்கு அனுப்பினர். 1881இல் மெல்பர்ன் சர்வதேசக் கண்காட்சியில் அந்த விளைச்சல் பரிசும் பெற்றது. இந்தச் செழிப்பே அவர்களுக்கு வினையாயிற்று. பழங்குடியினர் எங்கே வாழலாம், யாரிடம் வேலை செய்யலாம், அவர்களின் குழந்தைகள் யார் பொறுப்பில் வளரலாம் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்க 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்றிருந்த பாதுகாப்பு வாரியம், மக்கள் நம்பிய மேலாளர் ஜான் கிரீனை 1874இல் விலகச் செய்ததோடு, அவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு நிலத்தை விற்கவும் முனைந்தது.

இதை எதிர்த்து மனுக்கள் எழுதி, செய்தித்தாள்களுக்கு மடல்கள் அனுப்பி, பராக்கின் தலைமையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நடந்து அமைச்சர்களை நேரில் கண்டு முறையிட்ட அம்மக்களின் போராட்டம், 1881இல் அரசை விசாரணைக் குழு அமைக்கச் செய்தது; குழுவின் முன் அவர்களே சாட்சியம் அளித்தனர். 1884இல் அந்நிலம் நிரந்தரக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது.

அந்த வெற்றி ஈராண்டுகளே நிலைத்தது. கலப்பு வம்சாவளியினரில் 34 வயதுக்கு உட்பட்டோர் காப்பு நிலங்களைவிட்டு வெளியேற வேண்டும் என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பங்களைப் பிரித்து, உழைக்கும் வயதினரை விரட்டிப் பண்ணையை முடக்கியது. ஆளில்லா நிலம் வீணாகிறது என்ற வாதத்துக்கும் அச்சட்டமே வழி அமைத்துக் கொடுத்தது. 1893இல் பாதி நிலம் பறிக்கப்பட்டது. 1924இல் குடியிருப்பு மூடப்பட்டு, வெளியேற மறுத்த சில முதியோர் நீங்கலாக ஏனையோர் தொலைதூர லேக் டைர்ஸ் காப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி, போரிலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியமர்த்தும் திட்டத்துக்குப் போயிற்று.

1999இல் வுருந்ஜெரி மக்களுக்குத் திரும்பக் கிடைத்த ஏறத்தாழ 200 ஏக்கர், கூட்டாட்சி அரசின் நில நிறுவனம் விலைகொடுத்து வாங்கித் தந்ததே தவிர, பறித்த மாநிலம் தானாக முன்வந்து திருப்பிக் கொடுத்ததன்று. இன்று ஆண்டுதோறும் பார்வையாளர் திரளும் ஹீல்ஸ்வில் வனவிலங்குக் காப்பகமும் அக்காப்பு நிலத்தில் 1920இல் விலங்காய்வுக்கெனப் பிரிக்கப்பட்ட 78 ஏக்கரில் முளைத்தது. அது இன்றும் அரசின் உடைமையே.

ஆகவே, கொராண்டர்க்கின் பழைய எல்லைக்குள் இன்றும் அரசின் கைவசமுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்தையும் கணக்கிட்டு வெளியிடவும், காப்பகம் உட்பட அவற்றின் உரிமையை வுருந்ஜெரி மக்களிடம் ஒப்படைக்கும் பேச்சைக் காலக்கெடுவுடன் தொடங்கவும், இதற்கான சட்டத்தை இந்த நாடாளுமன்றத்திலேயே கொண்டுவரவும் இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.