பாக்கெட்டின் பெயரும் கேனில் இருக்கும் பாலும்

கோடை தொடங்கினால் பசுந்தீவனம் குறையும், கறவையும் குறையும். சந்தையில் பாலுக்குத் தட்டுப்பாடு வரும் அந்த நாட்களில்தான் தனியார் பால் வண்டி உங்கள் தெருமுனையில் வந்து நிற்கிறது. சங்கம் கொடுப்பதைவிட லிட்டருக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறது. பல வருடங்களாகச் சங்கத்தில் பால் ஊற்றி வந்தவர்கள்கூடக் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. மாடு உங்களுடையது, உழைப்பு உங்களுடையது. வாங்க இரண்டு பேர் போட்டியிட்டால் விற்பவருக்கு நல்லதுதான்.

ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது ஒரு கணக்கு விட்டுப்போகிறது. நகரத்தில் ஒரு குடும்பம் கடைக்குப் போய், பிரித்துப் பார்க்காமல், மோந்து பார்க்காமல், ஒரு பாக்கெட்டின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு. கூட்டுறவில் அந்தப் பெயர் உறுப்பினர்களின் சொத்து. அதைச் சேர்ப்பதும் கெடுப்பதும் தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி வேலை காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்தின் வாசலில் நடக்கிறது.

2023-ஆம் ஆண்டு இந்த விஷயம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் அமுல் நிறுவனம் பெங்களூரில் பால், தயிர் விற்கப்போவதாக அறிவித்தது. கர்நாடகத்தின் நந்தினிக்கு ஆபத்து என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தாங்கள் நந்தினி பாலைத்தான் பயன்படுத்துவோம் என்று அங்குள்ள ஓட்டல் உரிமையாளர் சங்கமே அறிவித்தது. ஒரு மாதம் கழித்து அதே அலை இங்கே வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குளிர்விப்பு மையங்கள் அமைத்து, சுற்றியுள்ள மாவட்டங்களிலும் சுயஉதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் அமுல் பால் கொள்முதல் செய்ய முனைவதாகவும், அதை நிறுத்த வேண்டும் என்றும் தமிழக முதல்வர் மத்திய கூட்டுறவுத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆவினின் கீழ் 9,673 சங்கங்கள் இருப்பதாகவும், ஏறத்தாழ நாலரை லட்சம் உறுப்பினர்களிடமிருந்து நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர் கொள்முதல் ஆவதாகவும் அந்தக் கடிதம் கூறியது.

ஒரு கூட்டுறவு இன்னொரு கூட்டுறவின் பால் வட்டாரத்துக்குள் நுழைவது முறையா என்பது தனி விவாதம். வெண்மைப் புரட்சிக் காலத்திலிருந்து வந்த புரிதலுக்கு அது பொருந்தாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடை கேட்டுக் கடிதம் எழுதுவதால் மட்டும் வாடிக்கையாளர் நிற்பதில்லை, உறுப்பினரும் நிற்பதில்லை. பெங்களூரு மக்கள் நந்தினி பக்கம் நின்றதற்கு மண்ணின் பற்று ஒரு காரணம். அப்போது நந்தினியின் சமன்படுத்திய பால் லிட்டர் ரூ.39, அமுல் ரூ.54 என்பது இன்னொரு காரணம். அந்த ரூ.39-க்குப் பின்னால் உற்பத்தியாளர்களுக்கு அரசு லிட்டர் கணக்கில் கொடுத்து வந்த ஊக்கத்தொகை இருந்தது. இதில் எவ்வளவு பெயர், எவ்வளவு விலை என்று பிரித்துச் சொல்வது கடினம். பல வருடம் தண்ணீர் கலக்காத, கெட்டுப்போகாத பாக்கெட் தினமும் காலையில் வந்திருக்காவிட்டால், விலை குறைவு என்பதற்காக மட்டும் ஓட்டல்காரர்கள் அதைத் தாங்கிப் பேசியிருக்க மாட்டார்கள்.

நம் ஊர் நிலவரம் கொஞ்சம் வேறு. ஆவின் நீல நிற பாக்கெட் தனியார் பாக்கெட்டைவிடக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கிறது. 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீத இதர சத்துகளும் கொண்ட பால், 2021 மே மாதம் லிட்டருக்கு ரூ.3 குறைக்கப்பட்டு ரூ.40 ஆனது. அப்படியும் கூடுதல் விலை கொடுத்துத் தனியார் பால் வாங்கும் குடும்பங்கள் ஏராளம். காரணம் கேட்டால், "கடையில் எப்போதும் கிடைக்கிறது" என்பார்கள். விசுவாசம் என்று நாம் பெரிய வார்த்தை போடுவதன் பாதி, சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில் இருக்கிறது. கடைக்குப் பாக்கெட் போய்ச் சேராத நாளில் பெயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. பால் வரத்து குறைந்தால் பாக்கெட்டும் குறையும். இங்கேதான் நகரத்து வாடிக்கையாளரும் கிராமத்து உறுப்பினரும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருக்கிறார்கள்.

உறுப்பினர் ஏன் போகிறார்? ரூபாய்க்காக மட்டும்தான் என்று சங்க நிர்வாகிகள் சொல்வதுண்டு. 2022 நவம்பரில் பசும்பாலுக்கான கொள்முதல் விலை ரூ.32-லிருந்து ரூ.35 ஆக உயர்ந்தது. 2023 டிசம்பரில் ரூ.3 ஊக்கத்தொகை சேர்ந்தது. இருந்தும் போகிறவர்கள் போகத்தான் செய்தார்கள். போனவர்களிடம் உட்கார்ந்து பேசினால் வேறு இரண்டு காரணங்கள் வரும்.

முதலாவது பட்டுவாடா. இரண்டு கறவை மாடு, நாளொன்றுக்கு 15 லிட்டர், லிட்டர் ரூ.38 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ரூ.570. பத்து நாளைக்கு ஒருமுறை பணம் வந்தால் சங்கத்தில் உங்கள் பணம் அதிகபட்சம் ரூ.5,700 நிற்கும். அதுவே ஒரு மாதம் தள்ளிப்போனால் ரூ.17,100. அந்த மாதம் முழுவதும் புண்ணாக்கும் தவிடும் கடனுக்கு வாங்க வேண்டும். கடன் விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். தனியார் ஏஜென்ட் வாரம் தவறாமல் பணம் கொடுத்து, தேவைப்பட்டால் முன்பணமும் கொடுத்தால், லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் ஏழை உறுப்பினருக்கு அதுவே மேல். முன்பணம் வாங்கியவர் பிறகு விலை பேச முடியாமல் கட்டுண்டு கிடப்பது வேறு கதை. அது தெரிந்தும்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது, சங்கத்தில் நடக்கும் பரிசோதனை. இதுதான் நம் கருத்தில் அடிப்படையான கோளாறு. ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியாகச் சோதித்து, கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று அச்சிட்ட சீட்டு கொடுக்கும் கருவி பல சங்கங்களுக்கு வந்துவிட்டது. கருவி இருந்தும் பயன்படுத்தாத சங்கங்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சராசரி விலை போடும் இடத்தில் என்ன நடக்கும்? ஒரு கணக்குக்காக: நல்ல பாலின் உண்மை மதிப்பு ரூ.40, தண்ணீர்ப் பாலின் மதிப்பு ரூ.32 என்று வைப்போம். சங்கம் இருவருக்கும் ரூ.36 கொடுக்கிறது. தனியார் வண்டியில் கருவி இருக்கிறது. நல்ல பாலுக்கு ரூ.38 தருகிறது. நல்ல பால் ஊற்றுபவர் வண்டிக்குப் போய்விடுவார். தண்ணீர்ப் பால்காரரை வண்டி சேர்க்காது. அவர் சங்கத்திலேயே இருப்பார். இப்போது சங்கத்துக் கேனில் மிஞ்சுவது ரூ.32 பால். ஒன்றியம் தரம் குறைவு என்று பிடித்தம் செய்கிறது. சங்கத்தால் ரூ.36 கொடுக்க முடியாது. அடுத்த மாதம் இன்னும் இருவர் போவார்கள். வண்டிக்காரர் சூழ்ச்சி செய்தார் என்று குறை சொல்லிப் பயனில்லை. நேர்மையாக ஊற்றியவரைச் சங்கமே தண்டித்தது.

சங்கத்தின் பக்கமும் ஒரு நற்பெயர் இருக்கிறது. அது 2020 ஊரடங்கில் தெரிந்தது. டீக்கடைகளும் ஓட்டல்களும் மூடியபோது தனியார் பலர் கொள்முதலைக் குறைத்தார்கள், விலையையும் குறைத்தார்கள். சங்கங்கள் வாங்கிக்கொண்டே இருந்தன, வரத்து கூடியது. அப்போது திரும்பி வந்தவர்களில் பலரை, அடுத்த கோடை வந்ததும் சங்கங்கள் இழந்துவிட்டன. இக்கட்டில் கைகொடுத்தவர் என்ற பெயரைச் சம்பாதித்தும், சீட்டும் பட்டுவாடாவும் சரியில்லாததால் அதைத் தக்கவைக்க முடியவில்லை.

பெயர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்குச் சீனாவின் சான்லு நிறுவனத்தின் கதை போதும். குழந்தைகளுக்கான பால்பவுடர் விற்பனையில் பல ஆண்டுகள் அந்த நாட்டின் முன்னணி நிறுவனமாக இருந்தது அது. விவசாயிகளிடம் பால் சேகரிக்கும் நிலையங்களில் தண்ணீர் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் புரதம் குறையுமே என்று மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். பரிசோதனையில் நைட்ரஜனை வைத்துத்தான் புரதத்தைக் கணக்கிடுவார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். எனவே பால் தேறியது. 2008-இல் விஷயம் வெளிவந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்துவிட்டார்கள். சில மாதங்களில் சான்லு திவாலானது. அதோடு முடியவில்லை. உள்நாட்டு பவுடர் என்றாலே சீனத் தாய்மார்கள் பயந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து டின் டின்னாக வாங்கிச் சென்றார்கள். அங்கே தட்டுப்பாடு வந்து, ஒருவர் இரண்டு டின்னுக்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2013-இல் ஹாங்காங் அரசு விதி போட்டது. ஐந்து வருடம் கழித்தும் நம்பிக்கை திரும்பவில்லை. கலப்படம் செய்யாத நிறுவனங்களும், ஒரு பாவமும் அறியாத மாடு வளர்ப்பவர்களும் சேர்ந்தே நஷ்டப்பட்டார்கள்.

நம் நாட்டில் அந்த அளவுக்குக் கலப்படம் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் கலப்படம் என்று பிடிபட்டவை 12 மட்டுமே. ஆனால் அதே ஆய்வில் நமக்கு உறைக்க வேண்டிய வேறொரு செய்தி இருந்தது. அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு, அனுமதித்த அளவுக்கு மேல் 5.7 சதவீத மாதிரிகளில் இருந்தது. அதிகம் காணப்பட்ட மாநிலங்களில் தமிழகமும் ஒன்று: 551 மாதிரிகளில் 88. இதை யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றை மாடு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலிலிருந்து மறைந்துவிடும். பாக்கெட்டில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் இந்தக் குறை மாட்டுக் கொட்டகையில்தான் தொடங்குகிறது.

மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வைக்கலாம். சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். கட்டிதட்டிய, பச்சை கறுப்பு படிந்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நஞ்சு வெயிலில் முழுதும் அழியாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும் மருத்துவர் சொன்ன நாள்வரை கேனில் சேர்க்கக் கூடாது. ஒரு காம்பில்தானே மருந்து ஏற்றினோம் என்று மற்ற மூன்று காம்பின் பாலை ஊற்றுவதும் தவறு. அப்படிப்பட்ட ஒருவர் பாலால் மொத்தக் கேனின் தயிரும் உறையாமல் போகலாம். அன்று திட்டு வாங்குவது நகரத்துப் பால் பூத் நடத்துபவர்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2020-இல் தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் உருவான பல நிறுவனங்கள் இப்போது சிறுதானியம், செக்கு எண்ணெய், மஞ்சள்தூள் என்று சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியிருக்கின்றன. லோகோ வரைவதற்கும் பாக்கெட் அச்சடிப்பதற்கும் பயிற்சி நடக்கிறது. உறுப்பினர் கொண்டுவரும் சரக்கை யார் முன்னால் சோதிப்பது, திருப்பி அனுப்ப வேண்டிய மூட்டை தலைவரின் உறவினருடையதாக இருந்தால் என்ன செய்வது, பணம் எத்தனை நாளில் என்பதற்குப் பயிற்சி நடப்பதாகத் தெரியவில்லை. முதல் முறை வாங்கியவர் இரண்டாம் முறை வருவதும் வராததும் அந்த மூட்டையில் இருக்கிறது. அமுல் என்ற பெயர் பாக்கெட்டில் ஏறுவதற்கு முன்பே, 1946-இல், கேடா மாவட்ட விவசாயிகள் வியாபாரிக்குப் பால் கொடுக்க மறுத்துப் பதினைந்து நாள் போராடிச் சொந்தச் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். உறுப்பினரின் பிடிப்பு முதலில் வந்தது. வாடிக்கையாளர் பிறகு வந்தார்.

எனவே கோடை முடிவதற்குள் உங்கள் சங்கத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் பாலை என் கண்முன் சோதித்து சீட்டு தருகிறீர்களா? பட்டுவாடா எந்தத் தேதி என்று பலகையில் எழுதுவீர்களா? தண்ணீர்ப் பால் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்பும் தைரியம் இருக்கிறதா? இதற்கு நேரான பதில் தரும் சங்கத்தை விட்டு மூன்று ரூபாய்க்காகப் போகும் முன், அந்த வண்டி புரட்டாசி, ஐப்பசியில் பால் பெருகும்போது என்ன விலை கொடுத்தது என்று உங்கள் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். பதிலே சொல்லாத சங்கமாக இருந்தால், செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலை ஒன்றியத்தின் விரிவாக்க அலுவலருக்கும் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பத்து உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.