வீடு தராதவர் யார்?

சென்னை மாநகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த முஸ்லிம் குடும்பத் தலைவர் எவரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார். வாயிலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்கும். உள்ளே சென்று விசாரித்தால் வீட்டுக்காரர் முகமலர்ச்சியோடு பேசுவார். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அந்த மலர்ச்சி வாடிவிடும். "நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்பார். சில இடங்களில் இந்த நாடகம்கூட இல்லை. சைவ உணவினருக்கு மட்டுமே வீடு என்று பலகையிலேயே எழுதி விடுகிறார்கள்.

இது கற்பனையான குறை அன்று. 2006ஆம் ஆண்டில் வெளியான நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கையே, முஸ்லிம்கள் வீடு வாங்குவதிலும் வாடகைக்குப் பெறுவதிலும் படும் இடர்ப்பாட்டை எடுத்துரைத்துள்ளது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயத்தைக் காரணமாக்கி வேற்றுமை காட்டக் கூடாதென்று அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடை, உணவு விடுதி, பொதுக் கிணறு, குளம் முதலியவற்றைக் குறிப்பிட்டு அங்கும் தடை விதிக்கிறது. தனியார் வீட்டு வாடகை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, மறுப்பவர் மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். இந்த அநீதியைக் கண்டித்து நம் மேடைகள் முழங்குகின்றன. நம் ஏடுகள் எழுதுகின்றன. முழங்கட்டும், எழுதட்டும். அதில் நமக்கு மாறுபாடு இல்லை.

ஆனால், அந்த மேடைக்கு எதிரே முன்வரிசையில் அமர்ந்து தலையசைக்கும் செல்வந்தரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஐயா, தங்கள் வீட்டில் குடியிருக்கும் ஏழை முஸ்லிமிடம் தாங்கள் எத்தனை மாத முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள்?

பிறர் கதவை அடைத்தால் நம்மவர் எங்கே போவார்? மண்ணடிக்கும் திருவல்லிக்கேணிக்கும் ராயப்பேட்டைக்கும் புதுப்பேட்டைக்கும்தான் வருவார். பள்ளிவாசலும் மதரஸாவும் அருகில் இருக்க வேண்டும் என்று விரும்பியும் வருவார். வேறு போக்கிடம் இல்லாமலும் வருவார். அவருக்குப் போக்கிடம் இல்லை என்பது நம் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆள் மிகுந்து இடம் குறைந்த தெருவில் வாடகை தானே ஏறுகிறது. பிறர் நமக்குக் காட்டும் வேற்றுமை நம்மவர் சிலருக்கு வருமானமாகி விடுகிறது. சொல்லக் கசக்கும் உண்மை இதுதான்.

கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய் என்று கொள்க. சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத முன்பணம் என்றால் 1,50,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை இரண்டும் சேர்ந்து 30,000 ரூபாய். ஆக, அந்த வீட்டில் ஒருவேளை உலை வைப்பதற்குள் 1,80,000 ரூபாயை எண்ணி வைத்தாக வேண்டும். மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறும் கடைச் சிப்பந்தி இதற்கு எங்கே போவார்? மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அடகுக் கடையோ வட்டி கேட்கிறது. எந்த வட்டியை விடாதவர்கள்மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவித்திருப்பதாகத் திருமறை எச்சரிக்கிறதோ, அந்த வட்டியின் வாசலுக்கு ஒரு முஃமினை நெட்டித் தள்ளியவர் யார்? ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்கும் வீட்டுக்காரர் அல்லவா?

ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்பதற்குத் தரும் இலக்கணம் தெளிவானது. ஒரு பொருளின் பயனை, தெரிந்த காலத்துக்கு, தெரிந்த கூலிக்கு விற்பதே இஜாரா. நம் முன்னோர் தமிழில் இதனைக் 'குடிக்கூலி' என்றார்கள். குடியிருப்பதற்குக் கூலி; அவ்வளவே. அந்தக் கூலியைப் பெறுவது வீட்டுக்காரரின் உரிமை. மக்காவின் வீடுகளை ஹஜ்ஜுக் காலத்தில் வாடகைக்கு விடுவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) வெறுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உடைமையாளரின் உரிமையை நிலைநாட்டி அனுமதித்தார்கள். அந்தக் கருத்து வேறுபாடும் மக்காவைப் பற்றியதே. பிற ஊர்களில் வாடகை ஆகும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. நாமும் உரிமையை மறுக்கவில்லை. கூலியோடு சேர்த்துக் கடனும் கொடு என்று கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே நம் வினா.

அந்த முன்பணம் யாது? அமானத்தா? அமானத் என்றால் அதைத் தொடாமல் காத்து வைக்க வேண்டும்; அதைக் கொண்டு மாடியில் இன்னோர் அறை எழுப்பக் கூடாது. கடனா? கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பயனை விற்பதும் ஒருவகை விற்பனையே. வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுசெய்யவென்று ஓரளவு தொகை பெறுவதை இக்கால உலமாக்கள் பலர் ஏற்கின்றனர், நாமும் ஏற்கிறோம். ஆனால், ஒரு குழாயும் இரண்டு தாழ்ப்பாள்களும் உடைந்துபோகும் என்பதற்கு ஒன்றரை இலட்சம் ரூபாயா? வீட்டைக் காலி செய்யும்போதோ, வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளையடித்தார்களா இல்லையா என்பதை அடுத்துக் குடிவந்தவரைக் கேட்டால் தெரியும்.

இதனோடு உடன்பிறந்தது ஒத்தி. சென்னையில் இதற்கு 'லீஸ்' என்று பெயர். ஐந்து இலட்சமோ பத்து இலட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுகிறார்கள். மாதவாடகை இல்லை என்று நம் மக்கள் மகிழ்ந்து போகிறார்கள். கொடுத்தது கடன், அந்தக் கடனுக்காக அனுபவிப்பது வீட்டின் பயன். கடனுக்கு நிபந்தனையாக வரும் பயன் வட்டியே என்பது நான்கு மத்ஹபுகளிலும் அடிப்படை விதி. புகாரா, சமர்க்கந்துப் பகுதிகளின் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர் 'பைஉல் வஃபா' என்ற பெயரில் இதையொத்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தது உண்மைதான். அவர்கள் மக்களின் நெருக்கடியைக் கண்டு இரங்கி வழி தேடினார்கள். நாமோ நெருக்கடியை நாமே உண்டாக்கிவிட்டுச் சலுகைக்குக் கிதாபைப் புரட்டுகிறோம். வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் ஈடுவைத்துத் தவணை தவறினால், ஒத்திக்கு இருப்பவர் பணமும் இழந்து தெருவில் நிற்கும் ஆபத்து வேறு.

மின்சாரக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை முதல் 100 யூனிட்டை அரசு 2016 முதல் கட்டணமின்றித் தருகிறது. அந்தச் சலுகையைத் தாம் எடுத்துக்கொண்டு, உட்கணக்கு மீட்டர் ஒன்றை மாட்டி, முதல் யூனிட் முதற்கொண்டே தாம் விதித்த விலையைக் குடித்தனக்காரரிடம் வாங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்காகவே குர்ஆனில் 'முதஃப்பிஃபீன்' என்ற பெயரில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த எச்சரிக்கை மரக்காலுக்கும் தராசுக்கும் மட்டும் உரியது, மீட்டருக்கு இல்லை என்று எந்த முஃபஸ்ஸிர் எழுதி வைத்திருக்கிறார்?

வீட்டுக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் குடித்தனக்காரரை வெளியேற்றுவது எளிதன்று. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. அந்த அச்சமும் முன்பணம் வளர்ந்ததற்கு ஒரு காரணம். ஆனால், அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுத்தது. இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி என்று ஒரு சிறு வாசலை மட்டும் திறந்து வைத்தது. நம்மவர் அந்தச் சிறு வாசல் வழியாகப் பத்து மாதத்தையும் உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். ஒப்புக்கொண்டாராம்! பிள்ளைகளோடு தெருவில் நிற்பவரின் ஒப்புதல் என்ன ஒப்புதல்? நெருக்கடியில் சிக்கியவனோடு செய்யும் வாணிகத்தைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் தனியே பேசியது வீணாகவா?

நாட்டின் சட்டம் மூன்று மாதம் என்கிறது. மதீனாவின் வழக்கம் இதற்கும் மேலானது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை யார் தம் வீட்டில் குடியமர்த்துவது என்று அன்ஸாரிகளுக்குள் போட்டி எழுந்தது. சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டார்கள். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் தம் குடும்பத்தாரின் பங்கில் வந்ததை உம்முல் அலா (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. எம்பெருமானார் (ஸல்) அவர்களே அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) இல்லத்தில் தங்கித்தான் மஸ்ஜிதையும் தம் அறைகளையும் எழுப்பினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஹிஜ்றத்துக் காண்டம் வரும்போது மெய்சிலிர்க்கும் நாம், ஹிஜ்ரத்து செய்து வந்தவரைப் போல நம் தெருவுக்கு வந்து நிற்பவரிடம், "பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டு, "நான்கா? வீடு தாங்காது" என்கிறோம்.

தனி மனிதரோடு நின்றால் போதாது. வக்ஃபைப் பற்றியும் பேச வேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழ 4.9 இலட்சம் பதிவான வக்ஃபுச் சொத்துகள், 6 இலட்சம் ஏக்கர் நிலம், இத்தனைக்கும் ஆண்டு வருமானம் 163 கோடி ரூபாய் என்று சச்சார் குழு கணக்கிட்டது. முறையாகப் பயன்படுத்தினால் 12,000 கோடி கிடைக்கும் என்றும் அதே குழு சொன்னது. இடையிலுள்ள பெருந்தொகை எங்கே போகிறது? சொற்ப வாடகைக்குப் பரம்பரையாய்ப் பிடித்து வைத்திருப்போரிடமும் ஆக்கிரமிப்பாளரிடமும் போகிறது. அவர்களுள் நம்மவரும் உண்டு. ஸுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது, மணவிலக்குப் பெற்றுத் திரும்பும் தம் மகள் அங்கே குடியிருக்கலாம் என்று நிபந்தனை விதித்தார்கள். வீடற்ற தோழர்கள் தங்குவதற்கு மஸ்ஜிதுந் நபவியில் திண்ணை இருந்தது. ஆக, குடியிருப்புக்கு இடம் தருவது வக்ஃபின் தொடக்க காலத்திலேயே அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. வாகிஃபின் நிபந்தனையை மீற வேண்டாம். ஆனால், பள்ளிவாசலுக்கென்று விடப்பட்ட மனையில் அதன் இமாமுக்கும் முஅத்தினுக்கும் வீடு கட்டுவது பள்ளிவாசலின் நலனே அன்றோ? சென்னைப் பள்ளிகளில் பணிபுரியும் இமாம்கள் பலர் மனைவி மக்களைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுச் சிற்றறையில் தனியே உறங்குகிறார்கள். வாடகை கட்ட அவர்கள் சம்பளம் போதாது. குடும்ப வாழ்வின் சிறப்பைப் பற்றி ஜும்ஆவில் அவர்களே நமக்கு உபதேசம் செய்கிறார்கள்!

என்ன செய்யலாம்? வழி நம் கிதாபுகளிலேயே இருக்கிறது. 'கஃபாலத்' என்னும் பிணைநிற்றல் அதற்குப் பெயர். மாப்பிள்ளையின் நடத்தைக்குச் சான்று கூறி நிக்காஹுக்குக் கடிதம் கொடுக்கும் ஜமாஅத், குடித்தனக்காரருக்குப் பிணை நின்று வாடகைக்கு ஒரு கடிதம் கொடுக்க முடியாதா? வாடகை நிலுவையானாலோ வீடு சேதமானாலோ ஈடுசெய்ய மஹல்லாவில் ஒரு பொதுநிதி போதும். பணக்காரர் ஒரு திருமணப் பந்தலுக்குச் செலவிடும் தொகையில் அந்நிதியைத் தொடங்கிவிடலாம். பிணை கிடைத்த பிறகு வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்க நியாயமில்லை. அதன்பிறகும் கேட்பவர் யாரென்று ஜமாஅத்தார் அறிந்துகொள்ளட்டும். அடுத்த நிர்வாகத் தேர்தலில் அதை நினைவில் வைக்கட்டும்.

வீட்டை இறைவன் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டும்போது, நஹ்ல் அத்தியாயத்தில் அதனை 'ஸகன்' என்கிறான். அமைதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. துணைவியைப் படைத்த நோக்கத்தைச் சொல்லும் ரூம் அத்தியாயத்திலும் அதே வேர்ச்சொல்லையே ஆள்கிறான். வீடும் இல்லறமும் ஒரே அமைதியின் இரு பக்கங்கள். ஒருவருக்கு வீட்டை மறுப்பவர் அந்த இரண்டையுமே மறுக்கிறார்.

பிற சமயத்தார் நமக்கு வீடு தரவில்லை என்று நாளை மேடையேறுவோம், ஏறத்தான் வேண்டும். அதற்கு முன் இன்று மஃரிபுக்குப் பின் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் பெட்டியைத் திறந்து, பத்து மாத முன்பணத்தில் ஏழு மாதத்தை எண்ணி, குடியிருப்பவரின் கதவைத் தட்டித் திருப்பிக் கொடுக்கட்டும். அவ்வாறு கொடுத்தவர் நாளை பேசினால் கேட்போம். கொடாதவர் பேசினால், வீடு தராதவர் யார் என்று அவரையே திருப்பிக் கேட்போம்.